நூலகப் பாடவேளையில் என்ன சொல்லித்தருவது?

2015 அக்டோபரில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு தன் கடைசிக் கட்டு அட்டைகளை அச்சடித்து அனுப்பியது. 1971இல் தொடங்கி அதுவரை அது அச்சடித்த நூலகப் பட்டியல் அட்டைகள் சுமார் 190 கோடி. ஒவ்வொரு அட்டையிலும் ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பகம், வெளியான ஆண்டு, மூலையில் ஓர் எண். அந்த எண்ணைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு அலமாரி அலமாரியாகத் தேடிப்போக வேண்டும். இந்த அட்டையைப் படிக்கத் தெரிவதுதான் பல தலைமுறைகளாக அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'நூலகத் திறன்' என்ற பாடத்தின் பெரும் பங்காக இருந்தது. தேர்வுகூட வைத்தார்கள்.

அட்டை போய்விட்டது. பாடம் போகவில்லை. தேடுவது, கிடைத்ததில் வேண்டியதைப் பொறுக்குவது, பொறுக்கியதை நம்பலாமா என்று பார்ப்பது, கடைசியில் அதைத் தன் வார்த்தையில் எழுதுவது: இத்தனையும் இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் வேண்டியிருக்கிறது. இவற்றை எப்படிச் சொல்லித்தருவது என்பதில் நூறு வருடமாகப் பல முறைகள் வந்திருக்கின்றன. சில முறைகளைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அதிகம் சோதித்து எழுதிவைத்தவர்கள் அமெரிக்கர்கள் என்பதால் இங்கே உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். நடுவில் சீர்காழிக்காரர் ஒருவரும் வருவார்.

எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் கையில் பதில் தேவைப்படும் கேள்வி ஒன்று இருக்கும் நாளில் நடந்த பாடம் ஒட்டிக்கொள்கிறது. வெறுங்கையோடு உட்கார்ந்து கேட்டது அடுத்த வாரமே உதிர்ந்துவிடுகிறது. கீழே வரும் முறைகளை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

சுற்றிக் காட்டும் முறை

மிகப் பழையது இதுதான். 1918இல் அமெரிக்கத் தேசியக் கல்விச் சங்கம் உயர்நிலைப் பள்ளி நூலகங்களுக்கான தர அறிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. குழுவுக்குத் தலைவராக இருந்த சி. சி. சர்ட்டன் பெயரால் 'சர்ட்டன் அறிக்கை' என்பார்கள். பள்ளிக்குப் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும், நூலகத்தைப் பயன்படுத்தும் விதத்தை மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று அது எழுத்தில் வைத்தது. நடைமுறையில் அது ஒரு சுற்றுலாவாக அமைந்தது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் வகுப்பை வரிசையாக அழைத்துப்போய், இது அகராதி, இது கலைக்களஞ்சியம், இவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, இது பத்திரிகைக் கட்டுரைகளின் பட்டியல், இது அட்டைப் பெட்டி என்று காட்டுவார்கள். அப்புறம் புத்தகங்களை எண் போட்டு வகை பிரிக்கும் 'தூவி தசம முறை'யில் ஒரு மனப்பாடம்: 500 அறிவியல், 800 இலக்கியம், 900 வரலாறு.

தசம முறையைப் பற்றி ஓர் இடைச்செருகல். மெல்வில் தூவி 1876இல் வெளியிட்ட அந்த வகைப்பாட்டில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று வட்டமான எண். தமிழ் இலக்கியம் 'பிற மொழி இலக்கியங்கள்' என்ற 890க்குள் போய், அதிலும் ஒரு மூலையில், 894.811 என்று ஆறு இலக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர் இதையும் சேர்த்துச் சொன்னால், வகைப்பாடு வானத்திலிருந்து விழவில்லை, ஓர் ஊரில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் தனக்குத் தெரிந்த உலகத்தை வைத்துப் போட்டது என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். எண்ணைவிட அது உபயோகமான பாடம்.

சுற்றிக் காட்டுவதில் உள்ள கோளாறு எளிது. பள்ளி திறந்ததும் காட்டுகிறார்கள். மாணவருக்குத் தேவை வருவது ஐந்து மாதம் கழித்து, புராஜெக்ட் கொடுக்கும்போது. அதற்குள் எல்லாம் மறந்துபோகும்.

ஆனாலும் இந்த முறையை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. காரணம், கான்ஸ்டன்ஸ் மெல்லன் என்ற ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. இரண்டு வருடம், ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில், சுமார் 6,000 மாணவர்கள் நூலகத்தில் தேடிய அனுபவத்தைக் குறிப்பேடுகளில் எழுதியதைப் படித்தார். 75 முதல் 85 சதவீதம் பேர் தங்கள் முதல் அனுபவத்தை விவரிக்கப் பயன்படுத்திய சொற்கள் பயத்தைச் சேர்ந்தவை. மற்றவனுக்கெல்லாம் தெரிகிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை, இதைப் போய்க் கேட்டால் மானம் போகும்: இதுதான் அந்தப் பயத்தின் உள்ளே இருந்தது. 'நூலக அச்சம்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். கல்லூரிக்கு வந்தவர்களே இப்படி என்றால் பள்ளிப் பிள்ளைகளைச் சொல்லவே வேண்டாம். சுற்றிக் காட்டும் ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் நூலகரின் முகத்தைப் பழகிக்கொண்டு, 'இவரிடம் கேட்டால் திட்ட மாட்டார்' என்று தெரிந்துகொண்டால் அதுவே லாபம். தேடும் திறமை அந்த ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்று நினைப்பதுதான் பிசகு.

சுற்றிக் காட்டுவது அலுத்துப்போனவர்கள் புதையல் வேட்டைக்குப் போனார்கள். ஒரு தாளில் இருபது கேள்விகள், இருபதுக்கும் பதில் நூலகத்துக்குள் எங்கோ இருக்கிறது, முதலில் முடிக்கும் குழுவுக்குப் பரிசு. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நடப்பது என்ன? ஒரு குழு கண்டுபிடிக்கும், மற்ற ஐந்து குழுவும் காப்பியடிக்கும், மிச்சம் இருப்பவர்கள் நூலகரைச் சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியை முப்பது முறை கேட்பார்கள். தவிரவும் அந்த இருபது கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கும் பிள்ளையின் சொந்தக் கேள்வி இல்லை. இடம் பழகுவதற்கு இது போதும்; அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆறு படிகளும் ஒரு குழப்பமும்

1970களுக்குப் பிறகு பேச்சு மாறியது. பால் சர்கோவ்ஸ்கி என்பவர் 1974இல் 'தகவல் எழுத்தறிவு' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இடத்தைக் காட்டுவதைவிட வேலை நடக்கும் விதத்தைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் பரவியது. அந்த வரிசையில் பள்ளிகளில் மிகப் பிரபலமானது 'பிக் சிக்ஸ்'. மைக் ஐசன்பர்க், பாப் பெர்க்கோவிட்ஸ் இருவரும் சேர்ந்து 1990 வாக்கில் கொடுத்த ஆறு படிகள் அவை. என்ன வேலை என்று வரையறுத்துக்கொள், எங்கெல்லாம் தேடலாம் என்று யோசி, போய் எடு, படித்துத் தேவையானதைப் பிரி, ஒன்றாகக் கோத்து எழுது, செய்த வேலையைத் திரும்பிப் பார்.

முதல் படிதான் இதில் வைரம். அசைன்மெண்ட் எழுதும் பிள்ளைகளில் பாதிப் பேர் தோற்பது அங்கேதான். 'நீர் மாசு பற்றி எழுதுக' என்றால் உடனே தேடப் போய்விடுவார்கள். எந்த நீர், எந்த ஊர், காரணம் எழுத வேண்டுமா தீர்வு எழுத வேண்டுமா என்று ஆசிரியரிடம் திரும்பிக் கேட்பவர் அரிது. அந்த ஒரு பழக்கத்தை மட்டும் 'பிக் சிக்ஸ்' கொடுத்திருந்தாலும் போதும். ஆனால் வகுப்பறைக்கு வந்ததும் எந்த மாதிரிக்கும் நேர்வது இதற்கும் நேர்ந்தது. ஆறு படி ஆறு கட்டமாகி, கட்டத்தை நிரப்பி மதிப்பெண் வாங்கும் தாளானது. படிகளை ஒழுங்கு மாறாமல் ஏற வேண்டியதில்லை, முன்னே பின்னே போகலாம் என்று ஐசன்பர்க்கே சொல்லிவந்திருக்கிறார். கட்டம் போட்ட தாளுக்கு அது எப்படித் தெரியும்?

இதே காலத்தில் இன்னொருவர் வேறு வழியாக உள்ளே வந்தார். கேரல் குல்தாவ், நியூ ஜெர்சியில் பள்ளி நூலகராக இருந்தவர், பிற்பாடு ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1980களின் தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளிக் கடைசி வகுப்பு மாணவர்கள் சிலர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது அவர்களுடைய நாட்குறிப்புகளையும் பேட்டிகளையும் சேகரித்தார். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதோடு, அப்போது மனசு எப்படி இருந்தது என்றும் கேட்டார். கிடைத்த படம் யாரும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு தெம்பு வருகிறது. தேடிப் படிக்கத் தொடங்கியதும் அந்தத் தெம்பு ஏறாமல் இறங்குகிறது. ஒரு புத்தகம் ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது, எதை எழுதுவது என்று தெரியாமல் குழப்பமும் எரிச்சலும் சந்தேகமும் வருகின்றன. 'எனக்கு இது வராது' என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். அதைத் தாண்டி, 'நான் சொல்லப்போவது இதுதான்' என்று ஒரு நோக்கு பிடிபட்ட பிறகுதான் தெளிவு வருகிறது.

குல்தாவ் கண்டதில் எனக்கு மிகப் பிடித்தது, குழப்பத்தை அவர் நோயாகப் பார்க்கவில்லை என்பது. தேடலின் நடுவில் குழம்புவது இயல்பு என்கிறார். நம் பள்ளிகளில் அந்த நடு இடத்தில் யாரும் நிற்பதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். ஆசிரியர் தலைப்பு கொடுக்கும் நாளில் இருக்கிறார். தாளைத் திருப்பி வாங்கும் நாளில் இருக்கிறார். நடுவில் மூன்று வாரம் பிள்ளை தனியாக விடப்படுகிறான். குழப்பம் தாங்காமல் கடைக்குப் போய்ச் சார்ட் வாங்கி ஒட்டுகிறான், அல்லது முதலில் கிடைத்த இணையப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுக்கிறான். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம். பாதி சமயம் அது பயம்.

இதிலிருந்து 'வழிகாட்டப்பட்ட தேடல்' என்ற முறை கிளைத்தது. 2007இல் குல்தாவும் வேறு இருவரும் சேர்ந்து அதை நூலாக எழுதினார்கள். பாட ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து திட்டமிட்டு, மாணவர் தடுமாறும் இடங்களில் பக்கத்தில் இருப்பதுதான் அதன் சாரம். சிறப்பான முறை. ஆள் நிறையத் தேவைப்படும் முறையும்கூட.

ஆள் என்றதும் கால அட்டவணையும் வந்துவிடுகிறது. வாரம் ஒரு முறை, புதன்கிழமை ஐந்தாவது பீரியட் என்று நூலகத்துக்கு நிரந்தரமாக நேரம் ஒதுக்குவது ஒரு வழி. எந்த வகுப்புக்கு எப்போது தேவையோ அப்போது ஆசிரியரும் நூலகரும் பேசி ஏற்பாடு செய்துகொள்வது இன்னொரு வழி. அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் 1988இல் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்தே இரண்டாவதன் பக்கம் நின்றது. தேவை வரும்போது பாடம் என்பதுதான் என் கட்சியும் என்பதால் நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஓர் அபாயம் உண்டு. நிரந்தர நேரம் போன பள்ளியில், ஆசிரியர் அழைக்காவிட்டால் வருடம் முழுவதும் நூலகத்துக்குள் அந்த வகுப்பு போகவே போகாது. அதோடு அங்கேயே ஆள் குறைந்துகொண்டு வருகிறது: 2010க்குப் பிந்தைய பத்தாண்டில் அமெரிக்கப் பள்ளி நூலகர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. சேர்ந்து திட்டமிட நூலகரே இல்லாத பள்ளியில் வழிகாட்டப்பட்ட தேடலை யார் நடத்துவது?

பட்டியலைத் தூக்கிப்போடு

இணையம் வந்ததும் கேள்வி இடம் மாறியது. நூலகத்தில் இருக்கும் புத்தகத்தை யாரோ ஒருவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கிறார். கூகுளில் வருவதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே தேடக் கற்றுத்தருவதைவிட நம்பலாமா என்று பார்க்கக் கற்றுத்தருவது அவசரமானது.

இதற்கு முதலில் வந்த விடை சரிபார்ப்புப் பட்டியல். கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் சாரா பிளேக்ஸ்லி என்ற நூலகர் 2004இல் ஐந்து கேள்விகளைக் கோத்துக் கொடுத்தார். புதியதா, என் தலைப்புக்குப் பொருத்தமா, எழுதியவர் யார், சரியானதா, நோக்கம் என்ன? ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'க்ராப்' என்று வரும். ஆங்கிலப் பேச்சில் அது குப்பையைக் குறிக்கும் கொச்சைச் சொல். மறக்க முடியாத பெயர். ஆயிரக்கணக்கான வகுப்பறைகளுக்குப் பரவியது.

அதே 2004இல் மார்க் மியோலா என்ற இன்னொரு நூலகர் 'பட்டியலைத் தூக்கிப்போடு' என்ற தொனியில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பக்கத்தை மட்டும் உற்று உற்றுப் பார்ப்பதால் பயனில்லை, வேறு ஆதாரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி என்பது அவர் வாதம். அப்போது அது அதிகம் காதில் ஏறவில்லை. பட்டியல் சுலபம், போட்டோகாப்பி எடுத்துக் கொடுத்துவிடலாம், மதிப்பெண்ணும் போடலாம்.

மியோலா சரி என்று காட்டியது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு. மூன்று வகை ஆட்களைக் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளங்கலை மாணவர்கள் 25 பேர். கொடுத்த வேலைகளில் ஒன்று, குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் இணையதளங்களை ஒப்பிடுவது. ஒன்று பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட பெரிய தொழில்முறை அமைப்பு. இன்னொன்று கொள்கைச் சண்டையில் 2002இல் பிரிந்துபோன சிறு குழு. இரண்டாவதன் தளமும் பார்க்கக் கச்சிதமாக இருந்தது: அடிக்குறிப்புகள், மருத்துவப் பட்டங்கள், விளம்பரம் இல்லாத பக்கம். மாணவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தார்கள். வரலாற்றாளர்களில் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்தார்கள்.

வித்தியாசம் எங்கே? வரலாற்றாளர்களும் மாணவர்களும் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் போய்க் கவனமாகப் படித்தார்கள். சரிபார்ப்பாளர்கள் படிக்கவே இல்லை. தளத்தைத் திறந்து ஒரு பார்வை, உடனே பக்கத்தில் நாலைந்து டேப் திறந்து, 'இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்' என்று தேடப் போய்விட்டார்கள். விக்கிப்பீடியாவையும் கூச்சமில்லாமல் திறந்தார்கள்; ஆனால் கீழே இருக்கும் மேற்கோள்களுக்கு நேராக இறங்கினார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். பள்ளிப் பாடமெல்லாம் 'நிதானமாக, முழுதாகப் படி' என்று பழக்கியிருக்க, முன்பின் தெரியாத தளத்துக்கு அதைச் செய்வது அந்தத் தளம் போட்ட தூண்டிலைக் கடிப்பதாகிவிடுகிறது.

பட்டியல் ஏன் தோற்கிறது என்பதும் இதில் தெரிகிறது. பட்டியல் கேட்கும் எல்லாவற்றையும் ஏமாற்றுக்காரன் முன்கூட்டியே செய்துவைக்க முடியும். தேதியைப் புதுப்பிக்கலாம், 'எங்களைப் பற்றி' என்று உருக்கமாக ஒரு பக்கம் எழுதலாம், அடிக்குறிப்பு போடலாம். 'டாட் ஓஆர்ஜி' என்று முடிந்தால் நம்பலாம் என்று இன்னும் சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பணம் கட்டினால் அந்த முகவரி யாருக்கும் கிடைக்கும். தன்னைப் பற்றித் தான் சொல்வதைக் கட்டுப்படுத்தலாம், ஊர் சொல்வதை அவ்வளவு சுலபமாகக் கட்டுப்படுத்த முடியாது. பெண் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த ஜாதகத்தோடு நிற்காமல் பக்கத்துத் தெருவில் விசாரிக்கிறோமே, அதே புத்திதான்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இதில் எங்கே நிற்கிறார்கள் என்பதையும் ஸ்டான்ஃபோர்டு குழு பார்த்தது. அமெரிக்கா முழுவதுமாக 3,446 மாணவர்களிடம் நடத்திய சோதனையில், ஓட்டுச்சீட்டுகளைப் பெட்டியில் திணிக்கும் ஒரு மங்கலான வீடியோவைக் காட்டி, இது அமெரிக்கத் தேர்தல் மோசடிக்கு வலுவான ஆதாரமா என்று கேட்டார்கள். 52 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். வீடியோ ரஷ்யாவில் எடுத்தது. கையில் இணையம் இருந்தது, தேடிப் பார்க்க அனுமதியும் இருந்தது.

சரி, கற்றுத்தந்தால் மாறுகிறதா? 2022இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு நல்ல விடை தருகிறது. ஒரு நகர்ப்புறப் பள்ளி மாவட்டத்தில், எல்லாரும் படித்தே ஆக வேண்டிய அரசியல் பாடத்துக்குள், 50 நிமிடம் வீதம் ஆறு வகுப்புகளைப் பக்கவாட்டு வாசிப்புக்கு ஒதுக்கினார்கள். பயிற்சி பெற்ற மாணவர்கள் 271 பேர், வழக்கமான பாடம் மட்டும் படித்தவர்கள் 228 பேர். இணையத்தில் பார்ப்பதை எடைபோடும் திறமையில் முதல் குழு தெளிவாக முன்னேறியது. மொத்தமே ஐந்து மணி நேரம்தான். நடத்தியவர்கள் நூலகர்கள் இல்லை, பயிற்சி பெற்ற பாட ஆசிரியர்கள். நடந்த இடமும் நூலகம் இல்லை. நூலகர்களுக்கு இது கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். பாடத்துக்குள் கலந்து கொடுத்தால் சேர்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து குறைவு.

இதைச் சுருக்கி நினைவில் வைக்க மைக் கால்ஃபீல்ட் 2019இல் நான்கு அசைவுகளைக் கொடுத்தார்: நில், யார் சொல்வது என்று விசாரி, இதைவிட நல்ல இடத்தில் இதே செய்தி இருக்கிறதா என்று தேடு, மூலம் வரை பின்னோக்கிப் போ. இதுவும் ஒரு பட்டியல்தானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் நான்கில் மூன்று அசைவுகள் மாணவரைப் பக்கத்தை விட்டு வெளியே அனுப்புகின்றன.

எதை அளக்கிறோம்

முறைகளை ஒப்பிடும்போது ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொன்றை அளக்கிறது. ஒஹாயோ மாநிலத்தில் 2002, 2003 ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வில் 39 பள்ளிகளைச் சேர்ந்த 13,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டார்கள். நூலகம் தங்கள் படிப்புக்கு ஏதோ ஒரு வகையில் உதவியது என்று 99 சதவீதத்துக்கும் மேலானவர்கள் சொன்னார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நூலகங்கள் நன்றாக நடக்கும் பள்ளிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்டது அது. தவிர, உதவியது என்று சொல்வது வேறு, உதவியதைச் செய்து காட்டுவது வேறு. வீடியோவை நம்பிய பிள்ளைகளிடம் 'உனக்கு இணையத்தில் தேடத் தெரியுமா' என்று கேட்டிருந்தால், பெருவாரியாகத் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நேரடி வகுப்பா, கணினி வழிப் பாடமா என்ற பழைய சண்டையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கல்லூரி மாணவர்கள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனையே தருகின்றன, சொல்லித்தராமல் விடுவதைவிடச் சொல்லித்தருவது மேல் என்றது. வீடியோ பாடமா வெண்பலகையா என்று பட்ஜெட் கூட்டத்தில் மல்லுக்கு நிற்பவர்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்.

சீர்காழிக்காரர்

சீ. இரா. ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர், கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில், ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தார்: துண்டுத் துண்டு இரும்புப் பட்டைகள், திருகாணிகள், அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. புத்தக வகைப்பாட்டையும் இப்படிச் செய்தால் என்ன என்று தோன்றியதன் விளைவு 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறை. தூவி ஒவ்வொரு தலைப்புக்கும் தயார் எண் ஒன்றைக் கொடுத்தார். ரங்கநாதன் தலைப்பை முகங்களாகப் பிரிக்கச் சொன்னார்: எதைப் பற்றி, எந்தப் பண்டம், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம்.

கோலன் முறையில் அடுக்கிய நூலகத்தை இன்றைய பள்ளிப் பிள்ளை பார்க்கப்போவது அபூர்வம். ஆனால் அந்த ஐந்து கேள்வியும் கூகுள் பெட்டிக்கு அப்படியே பொருந்துகின்றன என்பதை யாராவது வகுப்பில் சொல்லித்தருகிறார்களா என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆதங்கம். 'மழைநீர் சேகரிப்பு' என்று மட்டும் தட்டும் பிள்ளைக்கு உலகத்துக் குப்பையெல்லாம் வரும். செயல் என்ன? கட்டாயமாக்கியது. இடம்? தமிழ்நாடு. காலம்? 2003, சட்டம் வந்த வருடம். மூன்றையும் சேர்த்துத் தட்டினால் முதல் பக்கத்திலேயே விஷயம் நிற்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று திணைப் பாடத்தில் படித்த பிள்ளைக்கு இது புதிதாக இருக்கவே கூடாது. தமிழாசிரியரும் நூலகரும் சேர்ந்து நடத்த இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

புதிய வாசகருக்கு நூலகத்தை அறிமுகப்படுத்துவதைத் தனி வேலையாகவே பிரித்துப் பேசியவரும் ரங்கநாதன்தான். பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்று தனியாக நூலும் எழுதினார்.

தமிழில் தேடும் பிள்ளைக்கு எந்த அமெரிக்க முறையும் சொல்லித்தராத சங்கடங்கள் சில உண்டு. ரங்கநாதனையே எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தை வைத்து 'சீ'யில் தேடுவதா, 'ர'வில் தேடுவதா? பட்டியலில் 'ர'வில் இருப்பார். ஆனால் சில பட்டியல்களில் 'இரங்கநாதன்' என்று 'இ'யில் ஒளிந்திருப்பார். சுப்ரமண்யம், சுப்பிரமணியம், சுப்ரமணியன் எல்லாம் கணினிக்கு வேறு வேறு ஆட்கள். புதுமைப்பித்தனைத் தேடுபவருக்கு அவர் சொ. விருத்தாசலம் என்று தெரிந்திருந்தால்தான் எல்லாம் அகப்படும். அகரவரிசையிலும் ஒரு வம்பு. நாம் பள்ளியில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று படித்தோம். கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண் வரிசையில் 'ன' வந்து 'ந'வுக்கு அடுத்தும், 'ற' வந்து 'ர'வுக்கு அடுத்தும், 'ள'வும் 'ழ'வும் 'வ'வுக்கு முன்னாலும் நிற்கின்றன. சரியாக எழுதாத மென்பொருள் அந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். பட்டியலில் 'இல்லை' என்று வந்தால் உடனே நம்பாதே, வேறு எழுத்தில் ஒரு தடவை போட்டுப் பார் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் படித்த பள்ளியில் நூலகப் பாடவேளை என்றால் அமைதியாக உட்கார்ந்திருப்பது. புத்தகத்தை எடுத்து நீட்டுவதற்கு ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருந்தார். எடுத்ததைத்தான் படிக்க வேண்டும், மாற்றக் கூடாது. எனக்கு மூன்று வாரம் தொடர்ந்து கோழி வளர்ப்புப் புத்தகம் வந்தது. கோழியைப் பற்றி இன்றைக்கும் ஓரளவு தெரியும். தேட மட்டும் தெரியாமலேயே கல்லூரிக்குப் போனேன்.

இப்போது அப்படி ஒரு நாற்பது நிமிடம் கையில் கிடைத்தால் ஒரு வாட்ஸப் ஃபார்வர்டோடு தொடங்குவேன். 'நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது' என்ற செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. யுனெஸ்கோ மறுத்தும் நிற்கவில்லை. எத்தனை பேர் வீட்டுக் குழுவில் வந்தது என்று கேட்டால் பாதி வகுப்பு கை தூக்கும். அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படிக்க விடாமல், வெளியே போய் யார் மறுத்தார்கள் என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மிச்ச நேரத்துக்கு இன்னொரு வேலை. ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம், வகுப்பில் நடக்கும் பாடத்தைப் பற்றிப் பத்துத் தமிழ்ப் புத்தகங்கள் சொல் என்று கேட்கச் சொல்லலாம். தலைப்பு, ஆசிரியர் எல்லாம் கொஞ்சமும் தயங்காமல் வரும். அவற்றில் இல்லாத புத்தகங்களும் கலந்திருக்கக்கூடும் என்பது இந்தச் செயலிகளின் தெரிந்த குணம். பத்தையும் ஐந்து குழுவுக்குப் பிரித்துக் கொடுத்து, நூலகப் பட்டியல்களில் தேடச் சொல்ல வேண்டும். கிடைத்ததா என்று எப்படி முடிவுசெய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆசிரியர் யார், தலைப்பு என்ன, எந்தப் பதிப்பகம், எந்த வருடம் என்று நான்கு கட்டம் போட்ட சிறு அட்டை ஒன்றை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்துவிடலாம்.